சுவருக்குள் நடந்து வரும் வெயில்

ராஜபாளையத்தில் கத்திரி வெயில் காலத்து இரவு, மணி பத்தைத் தொடுகிறது. சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்தால் மலைப்பக்கக் காற்றில் வியர்வை அடங்குகிறது. எழுந்து உள்ளே போய்ப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. அதே சுவர் நண்பகலில், தெருவில் கால் வைக்க முடியாத நேரத்தில், உட்பக்கம் குளிர்ந்துதான் இருந்தது. வெயில் இருந்தபோது இல்லாத சூடு, வெயில் போன பிறகு எங்கிருந்து வந்தது?

பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கும் எவரும் கொத்தனாரிடம் விலை பேசும் முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. 'சுவருக்குத் தெர்மோகோல் வைத்துவிட்டால் சூடு வராது' என்று கடைகளில் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. எந்தச் சுவருக்கு, எந்தப் பக்கம் வைப்பது என்பது மீதிப் பாதி. பணம் வீணாவதும் பலன் தருவதும் அந்த மீதியில்தான் இருக்கிறது.

கட்டட வேலை நடக்கும் சந்துக்குள் லாரி போகாது. தெருமுனையில் செங்கலை இறக்கிவிட்டுப் போய்விடும். சித்தாட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செங்கலை வீட்டுக்குள் சேர்ப்பார்கள். அந்த வரிசைக்கு ஒரு விதி வைப்போம். தனக்கு வரும் செங்கலை ஒவ்வொருவரும் முதலில் தன் காலடியில் அடுக்க வேண்டும். தன் அடுக்கு பக்கத்து ஆளின் அடுக்கைவிட உயர்ந்தால் மட்டுமே அடுத்த கைக்குத் தர வேண்டும். தெருமுனையில் நிற்பவரின் அடுக்கு மளமளவென்று உயரும். கடைசி ஆள் வெகுநேரம் வெறுங்கையோடு நிற்பார். லாரி போன பிறகும் வேலை நிற்காது. நடுவில் உயர்ந்து நிற்கும் அடுக்குகளிலிருந்து இரண்டு பக்கமும் செங்கல் போய்க்கொண்டே இருக்கும். கடைசி ஆளுக்கு அதிகம் வந்து சேருவது லாரி போய் வெகுநேரம் கழித்துத்தான்.

சுவரில் வெப்பம் நகர்வதும் இப்படித்தான். செங்கல் எண்ணிக்கைக்குப் பதில் வெப்பம். அடுக்கின் உயரத்துக்குப் பதில் வெப்பநிலை. ஒரு பொருள் எவ்வளவு சுறுசுறுப்பாகக் கைமாற்றுகிறது என்பதை வெப்பக் கடத்துதிறன் என்கிறோம். சூடாவதற்கு அது எவ்வளவு வெப்பத்தைத் தன்னிடம் தேக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது வெப்பக் கொள்திறன். இந்த இரண்டும் சேர்ந்துதான் வெயில் உள்ளே வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க வெயிலின் சூட்டுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். மேற்குச் சுவரில் வெயில் உச்சமாக அடிப்பது பிற்பகல் நான்கு மணியை ஒட்டி. கணக்குப் போட்டால் உட்பக்கம் உச்சச் சூடு வரும் நேரம் இரவு பத்து முதல் பன்னிரண்டு. கிழக்குச் சுவர் காலை எட்டரைக்கு வாங்கிய வெயிலைப் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குக் கொடுக்கிறது. அந்த நேரத்தில் பெரும்பாலும் அந்த அறையில் யாரும் படுத்திருப்பதில்லை. வெப்பம் தாமதமாக வருவதோடு தேய்ந்தும் வருகிறது. வெளிப்பக்கத்து ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 9 அங்குலச் சுவரின் உட்பக்கத்தை எட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பழைய வீடுகளில் காணும் ஒன்றரை அடிச் சுவரில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட எஞ்சுவது அரிது. அந்தச் சுவருக்குப் பகல் எது, இரவு எது என்றே தெரியாது. பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் உணரும் குளிர்ச்சிக்கு முதல் காரணம் இதுதான்.

சுவரைப் பிளந்து பார்க்காமல் இதெல்லாம் எப்படித் தெரியும்? பிரான்சின் ஜோசப் ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில் இதைக் கணிதமாக வகுத்தார். அதைக் கண்ணால் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ். 1837இல் எடின்பரோவில், பாறை, மணல், மணற்கல் என மூன்று விதமான நிலங்களில் நீண்ட சாராய வெப்பமானிகளைப் புதைத்தார். ஒவ்வொன்றின் குமிழும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும்; மிக ஆழமானது 24 பிரெஞ்சு அடி, ஏறத்தாழ எட்டு மீட்டர். தண்டு மட்டும் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், தோண்டாமலே அளவு பார்க்கலாம். ஆழம் கூடக் கூட ஏற்ற இறக்கம் சுருங்கியது. உச்சம் வரும் நாளும் தள்ளிப்போனது. பாறையில் எட்டு மீட்டர் ஆழத்துக்கு அந்த ஊரின் கோடை வந்து சேர்ந்தது ஜனவரியில்! பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் இந்த அளவுகளைக் கொண்டே நிலத்தின் கடத்துதிறனைக் கணக்கிட்டார். அங்கே ஓராண்டில் எட்டு மீட்டரில் நடந்தது, நம் வீட்டில் ஒரே நாளில் 9 அங்குலத்தில் நடக்கிறது. விதி ஒன்றேதான்.

சுவர் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சுட்டால் அது தூக்கத்தை இவ்வளவு கெடுக்குமா என்று தோன்றலாம். கெடுக்கும். சும்மா படுத்திருக்கும் உடல் தன் வெப்பத்தில் பெரும்பங்கை, இதமான அறையில் பாதியளவு வரை, கதிர்வீச்சாகச் சுற்றியுள்ள சுவர்களுக்கு அனுப்புகிறது. சுவர் தோலைவிடச் சூடாகிவிட்டால் போக்கு திரும்பிவிடும்; சுவர் நமக்கு அனுப்பும். மின்விசிறி காற்றைத்தான் நகர்த்தும், இந்தக் கதிரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சாதாரண வெப்பமானியை அறை நடுவே தொங்கவிட்டால் காற்றின் சூடு மட்டும்தான் தெரியும். 1930களில் இங்கிலாந்தின் வெர்னன் என்ற மருத்துவர் ஆறு அங்குலச் செப்புக் கோளத்துக்குக் கறுப்பு பூசி, அதன் நடுவில் வெப்பமானியை வைத்தார். சுவர்களின் கதிரை அது நம் உடலைப் போலவே வாங்கிக்கொண்டது. காற்றின் சூடும் கோளத்தின் சூடும் விலகி நின்றால், அந்த விலகல் சுவரும் கூரையும் செய்த வேலை.

இனி வெப்பக்காப்பு. எந்தப் பெயரில் விற்றாலும் இந்தப் பொருள்களில் வேலை செய்வது பெரும்பாலும் அசையாமல் அடைபட்ட காற்றுதான். காற்று மிக மோசமான கடத்தி. ஆனால் அது நகர ஆரம்பித்தால் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஆகவே நகரவிடாமல் சிறு சிறு அறைகளில் அடைக்க வேண்டும். தெர்மோகோல், கண்ணாடி இழை, மரத்தூள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன. ராஜபாளையத்து மில்களின் கழிவுப் பஞ்சுகூடச் செய்யும். 1833இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் ஏறத்தாழ 180 டன் ஏரிப் பனிக்கட்டியோடு புறப்பட்டு, நான்கு மாதம் கடலில் கிடந்து, கல்கத்தாவில் 100 டன்னளவு பனிக்கட்டியை இறக்கியது. குளிர்சாதன இயந்திரம் எதுவும் கிடையாது. மரத்தூளைப் போன்ற எளிய பொருள்களே அந்த வணிகத்தைத் தாங்கின. அதே வணிகத்துக்காக 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். இயந்திர ஐஸ் வந்து வணிகம் நொடித்த பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, ஜன்னலும் தாழ்வாரமும் வைத்துக் குடியிருப்பாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அங்கேதான். ஐயங்கார் ஜன்னல் வைக்க நேர்ந்தது இந்தக் கட்டுரைக்கு முக்கியமான செய்தி. பனிக்கட்டிக்கு வேண்டியது வெப்பம் உள்ளே வராமை ஒன்றே. மனிதர் இருக்கும் வீட்டில் உடலிலும் அடுப்பிலும் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கிறது. அது இரவில் வெளியேற வழி வேண்டும்.

ஓரங்குலத் தெர்மோகோல், வெப்பம் கடத்துவதைத் தடுப்பதில் ஏறத்தாழ 20 அங்குலச் செங்கலுக்குச் சமம். விற்பனையாளர் சொல்லும் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் செங்கல் தேக்கிவைக்கும், தெர்மோகோல் தேக்காது. சித்தாள் வரிசையில் அது கைமாற்றவே மறுக்கும் ஆள்; காலடியில் அடுக்குவதும் இல்லை. அதனால் அந்த ஆளை வரிசையின் எந்த முனையில் நிறுத்துகிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தெருமுனையில், அதாவது சுவரின் வெளிப்பக்கம் நிறுத்தினால், வெயில் வாசலிலேயே தடைபடும். பின்னாலிருக்கும் செங்கல் முழுவதும் வீட்டின் சொத்தாகிவிடும். இரவில் ஜன்னலைத் திறந்து மலைக்காற்றை ஓடவிட்டால் செங்கல் குளிர்ந்துகொள்ளும். காலையில் ஜன்னலைச் சாத்தினால் பகல் முழுக்க அந்தக் குளிர்ச்சி கைகொடுக்கும். உட்பக்கம் வைத்தால், வெயில் வழக்கம்போலச் செங்கலைச் சுட வைக்கும்; அறைக்குள் வருவது மட்டும் குறையும். அறைக்குச் செங்கலின் தேக்கமும் இல்லாமல் போகும். இரவில் மட்டும் ஏசி போடும் அறைக்கு இதில் ஒரு லாபம் உண்டு: ஏசி முதலில் செங்கலைக் குளிர்வித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அறை சீக்கிரம் குளிரும். ஜன்னலை நம்பி வாழும் வீட்டுக்கு வெளிப்பக்கம்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. தெருப்பக்கம் பழைய சுண்ணாம்பு வேலைப்பாடு இருந்து, அதை மறைக்க மனமில்லாத இடத்தில் மட்டும் உட்பக்கத்தை யோசிக்கலாம்.

எந்தச் சுவர் என்பதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரை டிகிரியில் இருக்கின்றன. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, ஏப்ரல் நடுவில், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. திரும்பவும் ஆகஸ்ட் கடைசியில் அப்படி வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே, அதிகபட்சம் 14 டிகிரி சாய்ந்து நிற்கிறது. ஆகவே கோடையில் தெற்குச் சுவர் நேர்வெயிலைப் பார்ப்பதே இல்லை. வடக்குச் சுவரில் படுவதும் சாய்ந்த வெயில்தான், நண்பகலை ஒட்டிய நேரத்தில் ஒரு சிறு சன்ஷேடே அதற்குப் போதும். தாழ்ந்த சூரியனின் நேர்அடியை வாங்குபவை கிழக்கும் மேற்கும். மேற்கே மலை இருப்பதால் இங்கே சூரியன் சற்று முன்னதாகவே மறைகிறது. ஆனால் மேற்குச் சுவருக்கு வேண்டிய சேதத்தை அதற்குள் செய்துவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி, அகலம் குறைந்து, உள்நோக்கி நீண்டு கிடக்கும். பக்கச் சுவர் இரண்டும் பக்கத்து வீட்டாரோடு பொது. வடக்கு, தெற்கு பார்த்த வாசல் என்றால் கிழக்கு மேற்குச் சுவர்கள் வெயிலையே காணாமல் நூறாண்டு இருந்திருக்கும். அந்த வீட்டுச் சுவருக்கு வெப்பக்காப்பு எதுவும் வேண்டாம். பக்கத்து வீடே காப்பு. பக்கத்து வீட்டை இடித்துக் காலிமனையாகப் போட்ட பிறகு நிலைமை தலைகீழாகிறது. பூச்சே இல்லாத பழைய பொதுச்சுவர் ஒரே நாளில் மேற்கு வெயிலுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. மழையும் அதில்தான் அடிக்கிறது. அப்படிப்பட்ட சுவருக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் கூரை. மே மாதத்துத் தெளிந்த நாளில் மொட்டைமாடியின் ஒரு சதுர மீட்டர் வாங்கும் வெயில், மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டர் வாங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழைய வீடுகளில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டிய மெட்ராஸ் டெரஸ் இருக்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், அதன்மேல் தட்டோடு. செங்கல் ஜல்லியின் துளைகளில் அடைபட்ட காற்று இருக்கிறது. மொத்தக் கனமும் சேர்ந்து நல்ல தாமதம் தருகிறது. புதுப்பிக்கும்போது இதை இடித்துவிட்டு 5 அங்குலக் கான்கிரீட் போட்டு விட்டால், நண்பகல் வெயில் பிற்பகலிலேயே தலைக்கு மேல் வந்து நிற்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்பு நெறிமுறை கூரைக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது: இரு பக்கமும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே கடக்கும் வெப்பம் 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் அந்த எல்லையின் ஏறத்தாழ மூன்று மடங்கைக் கடத்தும். அழுத்தம் தாங்கும் ஓரங்குல நுரைப்பலகையை மேலே பரப்பித் தளம் போட்டாலே எல்லைக்குள் வந்துவிடும். பணம் இல்லாதவர்களுக்குச் சுண்ணாம்பு வெள்ளை இருக்கிறது. வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும்; வாங்கிய சூட்டையும் இரவில் வானத்துக்குத் தாராளமாக உமிழும். அழுக்கேறினால் பலன் குறையும், ஆண்டுதோறும் மாசி பங்குனியில் அடித்துவிட வேண்டும்.

இனிச் சொல்வது பழைய சுவர்களுக்கே உரிய ஆபத்து. சுண்ணாம்புக் காலத்து வீடுகளில் அடித்தளத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. நிலத்து நீர் செங்கலின் நுண்துளைகள் வழியே மேலேறும். அதைத்தான் ஓதம் என்கிறோம். ஏறிய நீரைச் சுண்ணாம்புப் பூச்சு ஆவியாக வெளியே விட்டுவிடும், சுவர் அப்படித்தான் இத்தனை காலம் பிழைத்தது. அதன்மேல் சிமென்ட் பூச்சோ பிளாஸ்டிக் நுரையோ ஒட்டிவிட்டால் நீருக்கு வாசல் அடைபடும். அது இன்னும் மேலே ஏறி, உப்பைக் கொண்டுவந்து சேர்த்து, பூச்சைத் தள்ளி உதிர்க்கும். வெப்பக் கணக்கும் கெடும். நீர் காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். செங்கலின் துளைகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் சுவரின் காக்கும் குணமே போய்விடும். ஈரச்சுவரை நுரையால் மூடுவது நோயை மூடிவைப்பது. இதில் அவசரம் கூடவே கூடாது. ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, தை மாதத்தில் பூச்சைக் கொத்தி எடுத்து, பங்குனி வரை சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புப் பூச்சு பூசுவது நல்லது.

பொருள்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கழிவுப் பஞ்சு மலிவு என்று சுவர் இடைவெளியில் திணிக்க ஆசை வரலாம். அது எரியும், ஈரம் குடிக்கும், எலி கூடு கட்டும். தெர்மோகோலும் எரியும் பொருளே, எரிந்தால் கரும்புகை கக்கும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் குடியிருப்பில் 72 பேர் இறந்த தீ, புதுப்பிக்கும்போது வெளிச்சுவரில் பொருத்திய எரியும் பலகைகள் வழியாகத்தான் மாடி மாடியாக ஏறியது. ஆகவே நுரைப்பலகையைத் திறந்தபடி விடக் கூடாது. வலை வைத்துக் கனமான பூச்சால் மூட வேண்டும். அடுப்பங்கரைச் சுவரிலும் மின்பலகைக்குப் பின்னாலும் வைக்கவே வேண்டாம். மண்ணைத் தொட்டால் கரையான் அதற்குள் வழி பறிக்கும், ஓரடி மேலே நிறுத்திவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு மேற்குச் சுவருக்கு நான் முதலில் சொல்வது நுரையல்ல, நிழல். சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கட்டிய கீற்றுத் தட்டியோ, கொடி ஏறிய கம்பிவலையோ, ஒரு வேம்போ வெயிலைச் சுவர் தொடும் முன்பே வாங்கிக்கொள்கிறது. இடைவெளியில் சூடாகும் காற்று மேலேறிப் போய்விடும், கீழிருந்து புதுக்காற்று வரும். உள்ளே வந்த வெப்பத்தைத் தடுப்பதைவிட வராமலே செய்வது எப்போதும் மலிவு.

தொற்றுக் காலத்தில் நெற்றியில் காட்டிச் சூடு பார்த்த கருவி பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. சிலவற்றில் பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் முறையும் உண்டு. பூச்சுள்ள சுவருக்கு அது நம்பகமாகவே காட்டும். பளபளக்கும் உலோகத் தகடுக்குக் காட்டாது. ஏப்ரலில் ஒரு வாரம், இரவு பத்து மணிக்கு நான்கு சுவரையும் கூரையின் அடிப்பக்கத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாடிக்கு வெள்ளை அடித்து, மேற்கே தட்டி கட்டி, அதேபோன்ற வெயில் நாட்களில் மறுபடி ஒரு வாரம் அளங்கள். அப்போதும் மேற்குச் சுவர் மற்றச் சுவர்களைவிடச் சுட்டால், நுரைப்பலகைக்கு விலை கேட்கப் போகலாம்.